தோலும் மூட்டும் ஒரே வியாதிதான்: சோரியாசிஸ் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு சோரியாசிஸ் வந்து 19 வருஷம் ஆச்சு, அது மூட்டுலயும் இறங்கியிருக்குன்னு தெரிஞ்சு 11 வருஷம். நான் டாக்டர் இல்ல, நோயாளி. புதுசா இந்தப் பேரைக் கேட்டுட்டு பயந்து போய் என்கிட்ட பேசறவங்க கேட்கிற கேள்விங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கு, தனித்தனியா பதில் சொல்றப்ப ஏதாவது ஒண்ணு விட்டுப் போயிடுது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். எந்த மருந்து, எவ்வளவு டோஸ்ங்கறது உங்க டாக்டர் முடிவு பண்ண வேண்டியது. அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டியதைத்தான் நான் சொல்றேன்.

இது வெறும் தோல் வியாதிதானே, இதுக்கு ஏன் இவ்ளோ கவலை?

தோல்ல தெரியுது, அவ்வளவுதான். ஆரம்பிக்கிற இடம் நம்ம எதிர்ப்பு சக்தி. கிருமியோட சண்டை போட வேண்டியது நம்ம உடம்பு மேலயே பாயுது. சாதாரணமா தோலோட அடி அடுக்குல உருவாகற ஒரு செல் மேல வந்து உதிர்றதுக்கு கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும், சோரியாசிஸ் இருக்கிற இடத்துல அதே வேலை ஒரு வாரத்துக்குள்ள, சில நேரம் 3, 4 நாள்லயே நடந்துடுது. பழசு உதிர்றதுக்குள்ள புதுசு வந்து நிக்குது, அதான் தடிச்சுப் போய் வெள்ளி மாதிரி செதில் செதிலா அடுக்கிக்குது.

ஒண்ணு முக்கியமா கவனிங்க. படத்துல எல்லாம் சிவப்புத் திட்டுன்னு காட்டுவாங்க, ஆனா நம்மள மாதிரி கருத்த தோல்ல அது ஊதாவா, கரும்பழுப்பா, சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். சிவப்பா இல்லையேன்னு படர்தாமரை க்ரீம் தடவி மாசக்கணக்குல ஓட்டினவங்க நிறைய பேர். ஆறின அப்புறமும் அந்த இடம் கருப்பாவோ வெளுப்பாவோ ரொம்ப நாள் நிக்கும், தொட்டுப் பாத்து தடிப்பு இல்லன்னா அது நிறம் மட்டும்தான், அதுக்கு மறுபடி ஸ்டீராய்டு ஆயின்மென்ட் போடாதீங்க.

உலகம் முழுக்க குறைஞ்சது 10 கோடி பேருக்கு இருக்கும்னு உலக சுகாதார நிறுவனம் 2016ல வெளியிட்ட அறிக்கையில சொல்லியிருக்கு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2014ல, உறுப்பு நாடுங்க எல்லாம் சேர்ந்து இது நாள்பட்ட, வலி தர்ற, உடம்பை முடக்கக்கூடிய, முழுசா குணமாகாத வியாதின்னு தீர்மானமே போட்டாங்க. "அழகு சம்பந்தப்பட்ட பிரச்சனை"ன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

ஒட்டிக்குமா?

ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே துண்டு, ஒரே படுக்கை, ஒரே தட்டுன்னாலும் ஒட்டாது, முத்தம் கொடுத்தாலும் ஒட்டாது. இதுல கிருமியே கிடையாது, அப்புறம் எது போய் ஒட்டும்.

தொழுநோயோட சேர்த்துப் பேசறாங்களே?

பல நூற்றாண்டு டாக்டர்களே அப்படித்தான் நினைச்சாங்க, ஊரை விட்டே ஒதுக்கி வச்சாங்க. வியன்னாவுல இருந்த ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ராங்கற டாக்டர் 1841ல ரெண்டும் வேற வேறன்னு தெளிவா பிரிச்சு எழுதினார். அது நடந்து 180 வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இன்னும் அந்தப் பயத்தோட மிச்சத்தை நாமதான் சுமக்கறோம். தொழுநோயும் இன்னைக்கு மருந்துல குணமாகற ஒண்ணுதான், அவங்களையும் யாரும் ஒதுக்க வேண்டியதில்ல, அது தனி.

மூட்டு வலிக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

தோல்ல வீக்கத்தை உண்டாக்குற அதே எதிர்ப்பு சக்தி, மூட்டுலயும், தசைநார் எலும்புல வந்து ஒட்டற இடத்துலயும், முதுகுத் தண்டுலயும் அதே வேலையைப் பண்ணும். அதுக்குப் பேர் சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். சோரியாசிஸ் இருக்கிறவங்கள்ல 100க்கு 30 பேர் வரைக்கும் இது வரலாம். பெரும்பாலும் தோல்ல வந்து பத்து வருஷம் போல கழிச்சு மூட்டுக்கு வருது, சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே வருது, கொஞ்சம் பேருக்கு மூட்டுல முதல்ல வந்து தோல்ல அப்புறம் வரும், அவங்களை கண்டுபிடிக்கறதுதான் ரொம்ப கஷ்டம்.

எனக்கு எப்படி ஆச்சுன்னு சொல்றேன். தோல்ல வந்து அஞ்சு வருஷம் கழிச்சு குதிகால் வலி ஆரம்பிச்சுது. காலையில படுக்கையில இருந்து இறங்கி முதல் அடி வைக்கறப்ப ஆணி மேல கால் வச்ச மாதிரி இருக்கும், செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு பத்து அடி நடந்தா கொஞ்சம் விடும். எலும்பு டாக்டர்கிட்ட போனேன், செருப்பு மாத்துங்க, குதிகாலுக்கு பேட் வைங்கன்னார், வச்சேன். ஸ்கின் டாக்டர்கிட்ட முழங்கையையும் தலையையும் காட்டினேன், ஆயின்மென்ட் கொடுத்தார், தடவினேன். இவர்கிட்ட அதைச் சொல்லல, அவர்கிட்ட இதைச் சொல்லல, அவங்களும் கேட்கல. இப்படியே மூணு வருஷம் ஓடிப் போச்சு. அப்புறம் ஒரு நாள் வலது கால்ல ரெண்டாவது விரல் முழுசா, நுனியில இருந்து அடி வரைக்கும், உருட்டு மாதிரி வீங்கிடுச்சு, செருப்பு வாருக்குள்ள நுழையல. வேற ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட தலைக்கு மருந்து வாங்கப் போனவன் அந்த விரலைப் பத்தி வாயே திறக்கல, அவர்தான் என் கை நகத்தைப் பாத்துட்டு "இந்தக் குழி எத்தனை வருஷமா இருக்கு, காலையில எழுந்தா உடம்பு விறைப்பா இருக்கா, குதிகால் வலிக்குமா"ன்னு வரிசையா கேட்டார். நான் ஒவ்வொண்ணுக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டே இருந்தேன், எனக்கு அப்படியே கண்ணுல தண்ணி வந்துடுச்சு, எட்டு வருஷத்துல ஒருத்தர் மொத்த உடம்பையும் சேர்த்துக் கேட்டது அன்னைக்குத்தான்.

அந்த மூணு வருஷத்துல ஒரு விரல் மூட்டு தேஞ்சு போச்சு, அது திரும்பாது. ஆறு மாசம் தள்ளிப் போனாலே மூட்டு கெடற வாய்ப்பு கூடுதுன்னு ஆராய்ச்சிகள்ல வந்திருக்கு. அதனால உங்களுக்குத் தோல்ல இருக்குன்னா, எந்த மூட்டு வலியையும் "வயசாகுது", "சரியா படுக்கல"ன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஸ்கின் டாக்டர்கிட்ட மூட்டைப் பத்தி சொல்லுங்க, மூட்டு டாக்டர்கிட்ட தோலைக் காட்டுங்க.

எந்த மாதிரி வலின்னா சந்தேகப்படணும்?

காலையில எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு இருக்கு, ஓய்வுல அதிகமாகுது, நடமாடினா குறையுதுன்னா அது தேய்மான வலி மாதிரி இல்ல. தேய்மானத்துல வேலை செஞ்சா வலிக்கும், உட்கார்ந்தா விடும், இது தலைகீழ். அதே மாதிரி முதுகு வலி நடு ராத்திரிக்கு மேல எழுப்பி விடுதுன்னா கவனிங்க. விரல் மொத்தமா வீங்கறது, குதிகாலோ பாதத்துக்கு அடியிலயோ வலிக்கறது, விரல் நுனிக்குப் பக்கத்துல இருக்கிற கடைசி மூட்டு வலிக்கறது, இதெல்லாம் இந்த வியாதியில அடிக்கடி வர்ற அடையாளம்.

நகத்தைப் பாருங்க. ஊசி முனையால குத்தின மாதிரி குட்டிக் குட்டிக் குழி, நகம் சதையை விட்டு தூக்கிக்கறது, நகத்துக்கு அடியில எண்ணெய் சொட்டு விழுந்த மாதிரி மஞ்சள் கறை. நகத்துல இருக்கிறவங்களுக்கும் தலையில இருக்கிறவங்களுக்கும் மூட்டுல வர்ற வாய்ப்பு அதிகம். நகத்துல எது வந்தாலும் பூஞ்சைன்னு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீங்க, நகத்தைக் கொஞ்சம் வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினா பூஞ்சையா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

பிளட் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்துடுச்சு, அப்போ எனக்கு இல்லதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இந்த வியாதிக்குன்னு தனியா ஒரு பிளட் டெஸ்ட் கிடையாது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கற வேற வகை மூட்டு வாதத்துல பாக்கற ஆர்ஏ ஃபேக்டர் இதுல பெரும்பாலும் நெகட்டிவாதான் வரும், உடம்புல வீக்கம் இருக்கான்னு காட்டற ஈஎஸ்ஆர், சிஆர்பி டெஸ்ட் ரெண்டும் கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஏறவே ஏறாது. டாக்டர் கையால அமுக்கிப் பாக்கறது, உங்ககிட்ட கேட்கறது, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், தேவைன்னா எம்ஆர்ஐ, எல்லாம் சேர்த்துதான் முடிவு. "ரிப்போர்ட் நல்லா இருக்கு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பினா, ரூமட்டாலஜிஸ்ட்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. மூட்டு வாதத்துக்குன்னே படிச்சவங்க அவங்கதான்.

எனக்குக் கொஞ்சமா தானே இருக்கு, அதுக்கும் வைத்தியம் வேணுமா?

எங்க இருக்குங்கறதைப் பொறுத்தது. உங்க உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தா அது உங்க உடம்புத் தோல்ல கிட்டத்தட்ட 1 சதவீதம், டாக்டர்கள் அப்படித்தான் கணக்கு போடுவாங்க. ஆனா அந்த 1 சதவீதம் பாதத்துக்கு அடியில வெடிச்சுக் கிடந்தா நடக்க முடியாது, உள்ளங்கையில இருந்தா வேலைக்குப் போக முடியாது, பிறப்புறுப்புல இருந்தா சொல்லவே கூச்சமா இருக்கும், சொல்லாமலே வருஷக்கணக்குல தாங்கிக்கறவங்க ஆணும் பெண்ணுமா அவ்வளவு பேர். அந்த இடத்துலயும் வரும், அதுக்கும் மருந்து இருக்கு, ஆனா அங்கே போடற மருந்து வேற, முழங்கைக்கு கொடுத்த ஸ்ட்ராங்கான ஆயின்மென்ட்டை அங்கே போட்டா தோல் மெலிஞ்சு போயிடும், அதனால வெட்கப்படாம சொல்லிடுங்க.

இந்த பாரத்தை அளக்கறதுக்கு டிஎல்க்யூஐன்னு பத்தே கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கு, 1994ல உருவாக்கினது, போன வாரம் அரிப்பு எவ்வளவு, என்ன துணி போடறதுன்னு யோசிச்சீங்களா, வேலைக்கு இடைஞ்சலா இருந்துச்சா, தாம்பத்தியத்துல சிரமம் இருந்துச்சா, இப்படி. 30க்கு எவ்வளவுன்னு மார்க் வரும், 10க்கு மேல போனா உங்க வாழ்க்கையை இது நல்லாவே பாதிக்குதுன்னு அர்த்தம். "பரவாயில்ல டாக்டர், இருக்கேன்"னு சொல்ற பழக்கம் உள்ளவங்க (நான் அப்படித்தான்) இந்தத் தாளைக் கேட்டு வாங்கி நிரப்புங்க, வாய் சொல்லாததை அது சொல்லிடும்.

இதோட ஒரு நாள் எப்படி இருக்கும்?

வியாதி முத்தின நாட்கள்ல எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். காலையில கண்ணு முழிச்சதும் உடனே எழ முடியாது, முதல்ல விரல்களை ஒண்ணொண்ணா மடக்கிப் பாக்கணும், அது முடியறதுக்கு கால் மணி நேரம். பல்லு விளக்கற பேஸ்ட்டோட மூடியைத் திருக முடியாம ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டுவேன். சட்டையில மேல் பட்டன் போடறதுக்கு வீட்டுல யாரையாவது கூப்பிடணும். போர்வையை எடுத்து உதறினா ஜன்னல் வெளிச்சத்துல செதில் பறக்கறது தெரியும், அதனால யாரும் எழறதுக்கு முன்னாடி கைத் துடைப்பத்தால படுக்கையைச் சுத்தி கூட்டி காகிதத்துல அள்ளி எடுத்துடுவேன், இதைப் பல வருஷம் பண்ணினேன். கருப்புச் சட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா தோள்ல செதில் விழுந்தா பளிச்சுன்னு தெரியும்னு போடறதையே விட்டேன். குளிச்சதும் மூணு நிமிஷத்துக்குள்ள மாய்ஸ்சரைசர், அதுக்கு மேல மருந்து, அது காயற வரைக்கும் நிக்கணும், பிசுபிசுப்போட உடுத்தினா துணி எல்லாம் கறை. வெளியில போனா அடுத்தவங்க சோஃபாவுல உட்காரத் தயக்கம், எழுந்தா முதல்ல உட்கார்ந்த இடத்தைத்தான் திரும்பிப் பாப்பேன்.

அரிப்பைப் பத்தி கேட்காதீங்க. ராத்திரி தூக்கத்துல சொறிஞ்சு காலையில விரிப்புல ரத்தப் பொட்டு இருக்கும். டாக்டர் பக்கத்துல உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசறப்ப இதுல எதுவும் ஞாபகம் வராது, அதான் எழுதி எடுத்துட்டுப் போகச் சொல்றேன்.

இன்னொண்ணு, வாஸ்லின் மாதிரி மெழுகுத்தன்மை உள்ள க்ரீம் நிறைய ஊறின துணியும் போர்வையும் ரொம்ப சுலபமா தீப்பிடிக்கும், துவைச்சாலும் முழுசா போகாது. அடுப்புப் பக்கம், சிகரெட் பக்கம் ஜாக்கிரதை.

எந்நேரமும் களைப்பா இருக்கே, இதுவும் வியாதியால தானா?

ஆமா. இதை சோம்பேறித்தனம்னு வீட்டுலயும் சொல்வாங்க, நாமளும் நம்மளையே திட்டிப்போம். உடம்புக்குள்ள இடைவிடாம வீக்கம் எரிஞ்சுக்கிட்டு இருக்கு, அரிப்பும் வலியும் தூங்க விடறதில்ல, கூடவே மனச்சோர்வு, எல்லாம் சேர்ந்த களைப்பு இது, தூங்கி எழுந்தாலும் போகாது. ரத்த சோகை, தைராய்டு இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. வேலையை ஒரே மூச்சுல செய்யாம நடுவுல நடுவுல உட்கார்ந்து செய்யறது எனக்கு உதவுது.

நல்லா இருந்தது, திடீர்னு ஏன் கிளம்புது?

தொண்டையில ஸ்ட்ரெப் கிருமி வந்தா ரெண்டு மூணு வாரத்துல உடம்பெல்லாம் மழைத்துளி தெறிச்ச மாதிரி சின்னச் சின்னதா கிளம்பும், குழந்தைங்க, இளவயசுக்காரங்களுக்கு இது அதிகம். தோல்ல கீறல், வெட்டு, வெயில்ல வெந்தது, பச்சை குத்தினது, எங்க காயம் பட்டாலும் அந்தக் கோட்டுலயே வரலாம், இதை கோப்னர் விளைவுன்னு சொல்வாங்க, அதனாலதான் செதிலைப் பிச்சு எடுக்காதீங்கன்னு சொல்றது. மன அழுத்தம், சிகரெட், குடி, எடை கூடறது, குளிர்ல காத்து வறண்டு போறது, இதெல்லாமும். சில மருந்துங்களும் கிளப்பும்: மனநல வைத்தியத்துல கொடுக்கிற லித்தியம், பிரஷருக்குக் கொடுக்கிற பீட்டா பிளாக்கர் சிலது, மலேரியா மருந்து சிலது. அதுக்காக நீங்களா நிறுத்தக் கூடாது, மருந்து எழுதினவர்கிட்ட எனக்கு சோரியாசிஸ் இருக்குன்னு சொல்லுங்க. எந்தக் காரணமும் இல்லாமலும் வரும், அப்போ "நான் என்ன தப்பு பண்ணினேன்"னு தேடிக்கிட்டே இருக்காதீங்க.

ஆயின்மென்ட் எவ்வளவு போடணும்?

ட்யூபுல இருந்து ஆட்காட்டி விரல் நுனியில ஆரம்பிச்சு முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடா பிதுக்குங்க, அது கிட்டத்தட்ட அரை கிராம், விரல்களோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஸ்டீராய்டுன்னா டாக்டர் சொன்ன நாள் வரைக்கும்தான், முகத்துலயும் மடிப்புலயும் போடறதுக்கு மைல்டானது தனி. கால்சிபோட்ரியால், கோல்தார், சாலிசிலிக் ஆசிட்னு ஸ்டீராய்டு இல்லாததும் இருக்கு. தலைக்குன்னா முடியைப் பிரிச்சு மண்டைத் தோல்ல படணும், முடி மேல தடவி பிரயோஜனம் இல்ல.

ஆயின்மென்ட்ல அடங்கலன்னா லைட் ட்ரீட்மென்ட். 311 நானோமீட்டர் அலைநீளம் உள்ள புற ஊதா ஒளி, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, மாசக்கணக்குல போகணும். தோலுக்கு நல்லா வேலை செய்யும், மூட்டுக்கு ஒண்ணும் பண்ணாது. லீவு கிடைக்கறதுதான் இதுல பெரிய கஷ்டம்.

மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்காங்க, பயமா இருக்கு.

இந்த மருந்து பல பத்து வருஷமா இதுக்குப் பயன்படுது, சரியா எடுத்தா எத்தனையோ பேரை நடமாட வச்சிருக்கு. ஆனா ஒண்ணே ஒண்ணு, இதைத் தடிச்ச எழுத்துல படிங்க: வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான், தினமும் இல்ல. மத்த மாத்திரை மாதிரி தினம் போட்டு ரத்த அணுக்கள் விழுந்து செத்துப் போனவங்க உண்டு. எந்தக் கிழமைன்னு முடிவு பண்ணி டப்பா மேலயே எழுதுங்க, வீட்டுல இன்னொருத்தருக்கும் சொல்லி வைங்க. ஃபோலிக் ஆசிட் சேர்த்துக் கொடுப்பாங்க, அதை விடாதீங்க. ரத்த அணுக்களும் கல்லீரலும் கிட்னியும் சரியா இருக்கான்னு டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும், குடிப்பழக்கம் இருந்தா மறைக்காம சொல்லிடணும். வாய்ப்புண், விடாத காய்ச்சல், வறட்டு இருமலோட மூச்சு வாங்கறது, இதுல எது வந்தாலும் அடுத்த டோஸுக்கு முன்னாடி டாக்டரைக் கூப்பிடுங்க.

பயாலஜிக் ஊசி போட்டா எதிர்ப்பு சக்தியே போயிடுமாமே?

மொத்தமா போகாது. எதிர்ப்பு சக்தி செல்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பறதுக்கு டிஎன்எஃப், ஐஎல்-17, ஐஎல்-23ன்னு சில புரதங்கள் இருக்கு, இந்த வியாதியில அதுங்க அளவுக்கு மீறிப் போயிடுது, இந்த ஊசி அதுல ஏதாவது ஒண்ணைக் குறி வச்சு அடக்கும். 2002ல எடனெர்செப்ட்ங்கற பயாலஜிக் ஊசிக்கு அமெரிக்காவுல சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸுக்குன்னு அனுமதி கிடைச்சுது, அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வந்துக்கிட்டே இருக்கு. மூட்டு தேயறதைத் தடுத்து நிறுத்தறதுல பழைய மருந்துகளை விட இதுங்க எவ்வளவோ மேல.

கிருமித் தொற்று வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும், அது உண்மை. அதனாலதான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபி, ஹெபடைட்டிஸ் டெஸ்ட் எல்லாம் பாக்கறாங்க, உடம்புல தூங்கிக்கிட்டு இருக்கிற டிபியை இது எழுப்பிடலாம். உயிருள்ள கிருமி வச்ச தடுப்பூசி எதுவும் இதோட போடக் கூடாது, தேவைன்னா முன்னாடியே போட்டுடணும். எந்த பயாலஜிக் யாருக்குங்கறதும் முக்கியம், குடல் வீக்க நோய் இருக்கிறவங்களுக்கு ஐஎல்-17 வகை அதைக் கிளப்பிவிடலாம், அதனால வயித்துப் பிரச்சனை இருந்தா சொல்லிடுங்க. விலை கை கடிக்கும், அதுலதான் பல பேர் நின்னுடறாங்க, காப்பீடு இருக்கா, அதே மருந்தோட பயோசிமிலர் (அதே மாதிரி வேலை செய்யற, வேற கம்பெனி தயாரிக்கிற ஊசி) கிடைக்குமான்னு கூச்சப்படாம கேளுங்க.

"நிரந்தரமா குணமாக்கறோம்"னு விளம்பரம் வருதே?

நானும் போயிருக்கேன். பேர் எழுதாத ஒரு பொடி, பத்து நாள்ல தோல் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, சந்தோஷத்துல சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொன்னேன். நிறுத்தின மூணாவது வாரம் உடம்பு முழுக்க கிளம்பி ஆஸ்பத்திரியில படுத்தேன். அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு அங்க டாக்டர் சொன்னார். சோரியாசிஸ் இருக்கிறவங்க ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு சட்டுன்னு நிறுத்தினா சீழ்க் கொப்புளமாவோ உடம்பு மொத்தமும் சிவந்து போயோ வெடிக்கலாம். எந்த மருத்துவ முறையா இருந்தாலும் சரி, உள்ள என்ன இருக்குன்னு எழுதித் தராத மருந்தைச் சாப்பிடாதீங்க.

முழுசா வேரோட எடுக்கறதுக்கு இன்னைக்கு வழி இல்ல. ஆனா தோல் முக்கால்வாசிக்கு மேல, சிலருக்கு முழுக்கவே சுத்தமாகி, மூட்டு வலி இல்லாம வருஷக்கணக்குல இருக்கறது இன்னைக்கு நடக்குது. எதிர்பார்ப்பை அங்க வைங்க.

சாப்பாட்டுல எதை ஒதுக்கணும்?

எல்லாருக்கும் பொதுவா ஒதுக்க வேண்டியதுன்னு ஒரு பொருளும் இல்ல. எடை அதிகமா இருந்தா குறைக்கறதுக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கு, எடை குறைஞ்சா தோலும் அடங்கும், மூட்டுக்கும் பாரம் குறையும், மருந்தும் நல்லா வேலை செய்யும். அதை ஒதுக்கு இதை ஒதுக்குன்னு வர்றவங்க எல்லாம் சொல்றதைக் கேட்டு, ஏற்கனவே களைச்சுப் போன உடம்பைப் பட்டினி போடாதீங்க.

பிள்ளைகளுக்கு வருமா? குழந்தை பெத்துக்கலாமா?

அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு பொதுவா இருக்கிறதை விட கூடுதல், ரெண்டு பேருக்கும் இருந்தா இன்னும் கூடும், அப்பவும் வந்தே தீரும்னு கிடையாது. குழந்தை தாராளமா பெத்துக்கலாம். திட்டம் இருந்தா முன்னாடியே சொல்லணும், மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது, சில மாசம் முன்னாடியே நிறுத்தணும். சோரியாசிஸுக்குக் கொடுக்கிற அசிட்ரெட்டின்ங்கற மாத்திரை எடுத்த பெண்கள் நிறுத்தி 3 வருஷம் வரைக்கும் கர்ப்பமாகக் கூடாது. கர்ப்பத்துல பாதுகாப்பா எடுக்கக்கூடிய மருந்தும் இருக்கு.

இதனால வேற என்ன எல்லாம் பாதிக்கும்?

இதயம், சர்க்கரை, பிரஷர், கல்லீரல்ல கொழுப்பு, கண்ணுக்குள்ள வீக்கம், குடல் வீக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பாத்துடுங்க, சிகரெட்டை விட்டுடுங்க.

மனசையும் இதுல சேர்க்கணும். மனச்சோர்வும் பதட்டமும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதிகம், செத்துடலாம்னு நினைப்பு வர்றவங்களும் இருக்காங்க. அப்படி ஒரு நினைப்பு எட்டிப் பாத்தாக்கூட அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க, இது மூட்டு வலி மாதிரியே வியாதியோட ஒரு பகுதி, இதுக்கும் வைத்தியம் இருக்கு. எனக்கு ஒரு வருஷம் மாத்திரையும் கவுன்சிலிங்கும் தேவைப்பட்டுச்சு.

வீட்டுல இருக்கிறவங்க என்ன செய்யணும்?

தொடுங்க. முதுகுல கை எட்டாத இடத்துக்கு மருந்து தடவி விடுங்க. சொறியாத சொறியாதன்னு சொல்லாதீங்க, அது எங்க கையில இல்ல. நேத்து நல்லா நடந்தியே இன்னைக்கு என்னன்னு கேட்காதீங்க, இந்த வியாதி அப்படித்தான், நேத்து மாதிரி இன்னைக்கு இருக்காது.

டாக்டர்கிட்ட போறப்ப என்ன எடுத்துட்டுப் போகணும்?

போன்ல போட்டோ. அப்பாயின்ட்மென்ட் அன்னைக்குன்னு பாத்து விரல் வீக்கம் வடிஞ்சிருக்கும், அதனால வீங்கின அன்னைக்கே தேதியோட எடுத்து வைங்க. காலை விறைப்பு எத்தனை நிமிஷம், எந்த மூட்டு, தூக்கம் கெட்டுதா, எத்தனை நாள் லீவு போட்டேன், இதை ஒரு தாள்ல எழுதுங்க. சாப்பிடற எல்லா மருந்தும், யாரோ கொடுத்த பொடி உட்பட. உள்ள போனதும் உங்களை ரொம்ப வாட்டற ஒண்ணை முதல் வாக்கியமா சொல்லிடுங்க, கடைசியில சொல்லலாம்னு வச்சா நேரம் முடிஞ்சிடும்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

உடம்பு கிட்டத்தட்ட முழுக்க சிவந்து சூடா எரிஞ்சு, குளிர் காய்ச்சல் வந்தா. திடீர்னு சீழ்க் கொப்புளம் பரவலா கிளம்பி காய்ச்சல் வந்தா. கண்ணு சிவந்து வலிச்சு வெளிச்சம் பாக்கக் கூசுதுன்னா அன்னைக்கே கண் டாக்டர், பார்வை போற அபாயம் இருக்கு. பயாலஜிக் எடுக்கறப்ப காய்ச்சல் விடலன்னா. ஒரு மூட்டு மட்டும் ரொம்ப வீங்கி, சூடாகி, காய்ச்சலோட இருந்தா.

முடி வெட்டப் போறதுக்கே கூச்சமா இருக்கு, என்ன சொல்றது?

இதை நிறைய பேர் தனியா கூப்பிட்டுத்தான் கேட்கறாங்க. நான் நாலு வருஷம் வீட்டுலயே கத்தரியால வெட்டிக்கிட்டேன். இப்போ பண்றது இதுதான்: கூட்டம் இல்லாத நேரமா போவேன், நாற்காலியில உட்கார்ந்து துணியைப் போர்த்தறதுக்கு முன்னாடியே, அவர் என் தலையைப் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். "அண்ணே, எனக்கு தலையில சோரியாசிஸ் இருக்கு, செதில் உதிரும், ஒட்டாது, சீப்பை அழுத்தாம வாருங்க, காயம் பட்டா அதிகமாகும்." முதல் தடவை சொல்றப்ப குரல் நடுங்குச்சு. அவர் சீப்பைக் கீழ வச்சுட்டு, கையாலயே முடியைப் பிரிச்சுப் பாத்து, "எங்க அக்காவுக்கும் இது இருக்கு தம்பி, குனிஞ்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு வெட்ட ஆரம்பிச்சார்.